அரபியில் அவலட்சணம், துருக்கியில் குற்றம்: வாசகர் கேள்வி பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தது. அழகின்மையையும் தீயொழுக்கத்தையும் குறிக்கும் அரபுச் சொற்கள் துருக்கி மொழிக்குச் சென்றபோது என்ன ஆயின என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு இதை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். சொற்களைத் தமிழ் எழுத்தில் தரும்போது 'எஸ்' ஒலிக்கும் 'இசட்' ஒலிக்கும் ஸகரத்தையே ஆண்டிருக்கிறேன். அந்த வேறுபாடு தேவைப்படும் இடத்தில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அரபு அகராதியில் 'கபீஹ்' என்ற சொல்லுக்கு 'அவலட்சணமான' என்றும் 'தீய' என்றும் பொருள் தந்திருக்கிறார்கள். இவை ஒரே ஒலியுள்ள இரண்டு சொற்களா, ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். க–ப–ஹ என்ற மூன்று மெய்களைக் கொண்ட வேரிலிருந்து 'கபீஹ்' என்ற பெயரடையும் 'குப்ஹ்' என்ற பண்புப்பெயரும் பிறக்கின்றன. முகத்தைக் கபீஹ் என்றால் பார்க்கச் சகிக்காத முகம் என்று பொருள். செயலைக் கபீஹ் என்றால் செய்யத் தகாத செயல் என்று பொருள். இதற்கு எதிர்ச்சொல்லான 'ஹஸன்' என்பதும் அழகையும் நன்மையையும் அவ்வாறே ஒருங்கே குறிக்கிறது. அரபியர் இந்த இரண்டு பொருளையும் பழைய நூல்களிலேயே அருகருகே வழங்கியிருக்கிறார்கள். ஆகையால் ஒன்றை மூலப்பொருள் என்றும் மற்றதை வெறும் உருவகம் என்றும் பிரித்துவிட்டால் அந்த மொழியின் போக்கைத் தவறவிட்டுவிடுவோம்.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் போகக்கூடியது என்பதற்கு இலக்கணத்திலிருந்தே ஒரு சான்று உண்டு. 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த சீபவைஹி, அரபு இலக்கணத்தின் முதல் பெருநூலில், பேச்சை நேரானது, நடவாதது, பொய்யானது என்றெல்லாம் வகைப்படுத்துகிறார். 'நேற்று உன்னிடம் வந்தேன்' என்பது நேரானதும் அழகானதுமான வாக்கியம். 'நாளை உன்னிடம் வந்தேன்' என்பது தன்னையே முறித்துக்கொள்வது. 'மலையைச் சுமந்தேன்' என்பது இலக்கணப்படி நேரானது, ஆனால் பொய். இவற்றோடு 'நேரானது, ஆனால் கபீஹ்' என்று இன்னொரு வகையையும் வைக்கிறார். 'கத்' என்ற இடைச்சொல்லை அடுத்து வினை வரவேண்டிய இடத்தில் 'கத் ஸைதன் ரஅய்து' (ஸைதைப் பார்த்திருக்கிறேன்) என்று ஆள்பெயரைக் கொண்டுவந்து நுழைப்பதே அதற்கு எடுத்துக்காட்டு. பொருள் விளங்குகிறது, பொய்யும் இல்லை. சொல் தனக்குரிய இடத்தில் இல்லை, அவ்வளவுதான். தனக்குரிய இடத்தை விட்டு நிற்பது என்ற இந்தக் கருத்தைப் பிடித்துக்கொண்டால், முகத்துக்கும் செயலுக்கும் வாக்கியத்துக்கும் ஒரே சொல் எப்படிப் பொருந்துகிறது என்பது விளங்கிவிடுகிறது.

குர்ஆனில் இந்த வேர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது. 28-ஆம் அத்தியாயத்தின் 42-ஆம் வசனம் எகிப்து மன்னன் ஃபிர்அவ்னையும் அவனுடைய படையினரையும் பற்றிச் சொல்லும்போது, மறுமை நாளில் அவர்கள் 'மக்பூஹீன்' கூட்டத்தில் இருப்பார்கள் என்கிறது. அதை உருக்குலைந்தவர்கள் என்று கொண்ட உரையாசிரியர்களும் இருக்கிறார்கள், விலக்கித் தள்ளப்பட்டவர்கள் என்று கொண்டவர்களும் இருக்கிறார்கள். தீமையைச் சொல்ல குர்ஆன் மிகுதியாக ஆளும் வேர் வேறு; 'சூஉ', 'ஸய்யிஅ' முதலிய சொற்கள் பிறக்கும் அந்த வேர் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் வருகிறது. இதனைத் துருக்கி எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்ப்போம்.

நிஷாப்பூரில் பிறந்து 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்த ஸஆலிபி, 'தஹ்ஸீனுல் கபீஹ் வ தக்பீஹுல் ஹஸன்' என்று ஒரு நூலுக்குப் பெயரிட்டார். கபீஹானதை அழகாக்கிக் காட்டுவதும் அழகானதைக் கபீஹாக்கிக் காட்டுவதும் என்பது அதன் பொருள். பழிக்கப்படுவதைப் புகழவும் புகழப்படுவதைப் பழிக்கவும் தெரிந்த நாவன்மையைக் காட்டும் இலக்கிய வகை அது. ஒரு சொல்லுக்கு அழகும் ஒழுக்கமும் ஒருசேர உரியவையாக இருந்ததால்தான் அப்படியொரு தலைப்பு நான்கே சொற்களில் அமைந்தது.

கேள்வி: இஸ்லாமிய இறையியலில் 'ஹுஸ்ன்–குப்ஹ்' என்று ஒரு பெரிய விவாதம் உண்டு என்று படித்தேன். அது அழகைப் பற்றியதா?

பதில்: பெயர் அழகைச் சொன்னாலும் விவாதம் அறத்தைப் பற்றியது. ஒரு செயல் தன்னளவிலேயே தீயதா, அல்லது இறைவன் விலக்கியதால்தான் தீயதாகிறதா என்பதே கேள்வி. முஃதஸிலாக்கள் என்ற இறையியல் பிரிவினர், பொய்யும் கொடுமையும் தம்மளவிலேயே கபீஹ் என்றும், மறைநூல் வருவதற்கு முன்பே மனித அறிவு அதைக் கண்டுகொள்ளும் என்றும் வாதிட்டார்கள். 936-இல் மறைந்த இறையியலாளர் அஷ்அரியைப் பின்பற்றியவர்கள் இதை மறுத்து, கட்டளையும் விலக்கும்தான் ஒரு செயலை ஹஸனாகவோ கபீஹாகவோ ஆக்குகின்றன என்றார்கள். பொய் தன்னளவில் தீயது என்றால், கொலைகாரனிடமிருந்து ஒரு நபியைக் காப்பாற்றச் சொல்லப்படும் பொய் எப்படிக் கடமையாகும் என்பது அவர்கள் எழுப்பிய கூர்மையான கேள்வி. 944-இல் சமர்கந்தில் மறைந்த மாதுரீதியின் மரபு இடைப்பட்ட நிலையை எடுத்தது. செயல்களின் நன்மை தீமையை அறிவு பலவிடங்களில் கண்டுகொள்ளும், ஆனால் அதைக் கொண்டு கட்டளை பிறப்பிக்கும் உரிமை இறைவனுக்கே உண்டு என்பது அதன் சாரம்.

உதுமானியத் (ஓட்டோமான்) துருக்கியர் சட்டத்தில் ஹனஃபி என்ற சட்டப் பிரிவினராகவும் கொள்கையில் பெரும்பாலும் மாதுரீதிகளாகவும் இருந்ததால் இந்த விவாதம் அவர்களுடைய மதரஸாக்களில் ஆழமாக வேரூன்றியது. சுல்தான் இரண்டாம் மெஹ்மெதின் காலத்து அறிஞர்கள் இதன் மீது தனி விளக்கவுரைகளே எழுதினார்கள். துருக்கியில் இன்றும் இறையியல் மாணவர்கள் இதை 'ஹுஸுன்–குபுஹ்' என்ற பெயரில் படிக்கிறார்கள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. துருக்கியரில் கற்றவர்கள் இந்த வேரை முதலில் எதிர்கொண்ட இடம் வகுப்பறையும் நீதிமன்றமுமே. முகத்தையும் தோட்டத்தையும் வருணிக்கும் இடங்களில் பாரசீகம் அவர்களுக்குச் சொற்களைத் தந்துகொண்டிருந்தது. இந்த வேரின் பிற்கால வரலாற்றுக்கு அதுவே திறவுகோல் என்று நான் கருதுகிறேன்.

கேள்வி: துருக்கி மொழியில் 'கபாஹத்' என்றால் குற்றம் என்கிறார்கள். அவலட்சணம் எப்படிக் குற்றமானது?

பதில்: அரபியில் 'கபாஹா' என்பது கபீஹாக இருக்கும் தன்மை. துருக்கி அதைக் 'கபாஹத்' என்று எடுத்துக்கொண்டபோது தன்மையை விட்டுவிட்டு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டது. அதாவது ஒருவர் செய்துவிட்ட தவறு. 'கபாஹத் யாருடையது?' என்று துருக்கியர் கேட்டால், பழி யாரைச் சேரும் என்றுதான் பொருள். 'கபாஹத்லி' என்றால் தவறிழைத்தவர். உருவத்தைப் பற்றிய சாயல் அந்தச் சொல்லில் ஒரு துளியும் மிஞ்சவில்லை.

சட்டம் இந்தச் சொல்லுக்கு மிகத் துல்லியமான ஓர் இடத்தை ஒதுக்கியது. பிரான்சின் 1810-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தைத் தழுவி 1858-இல் உதுமானியப் பேரரசு இயற்றிய சட்டத்தொகுப்பு குற்றங்களை மூன்றாகப் பிரித்தது. கொடிய குற்றம் 'ஜினாயெத்', நடுத்தரமானது 'ஜுன்ஹா', சிறியது 'கபாஹத்'. இந்த மூன்று பெயரும் அரபிலிருந்து வந்தவைதான். ஆனாலும் இன்றைய அரபு நாடுகளின் சட்டங்களில் முதலிரண்டும் நிலைத்திருக்க, மூன்றாவதன் இடத்தில் 'முகாலஃபா' என்ற சொல்லே வழங்குகிறது. கபாஹத்தைச் சிறுகுற்றத்தின் பெயராக ஆக்கியது உதுமானியர் வழக்கு. ஜினாயெத் என்ற சொல்லும் பிற்காலத் துருக்கியில் குறுகி, இன்று பேச்சில் கொலையை மட்டுமே குறிக்கிறது.

குடியரசு வந்தபின் இத்தாலியச் சட்டத்தை ஒட்டி 1926-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், மூன்று வகையை 'ஜுரும்', 'கபாஹத்' என்ற இரண்டாகக் குறைத்தது. 2005 ஜூன் 1 அன்று புதிய தண்டனைச் சட்டம் நடப்புக்கு வந்தபோது கபாஹத்துகளை அதிலிருந்து முழுவதும் வெளியேற்றி, 5326 என்ற எண்ணுள்ள தனிச் சட்டத்தில் வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் பெயரே கபாஹத்துகள் சட்டம்தான். எந்தத் தவறுக்குச் சட்டம் நிர்வாக நடவடிக்கையை மட்டும் விதிக்கிறதோ அதுவே கபாஹத் என்று அதன் 2-ஆம் பிரிவு வரையறுக்கிறது. பிச்சையெடுத்தல், சூதாட்டம், குடிபோதையில் பிறர் அமைதியைக் கெடுத்தல், இரைச்சல், தடைசெய்த இடத்தில் புகைபிடித்தல், அனுமதியின்றிச் சுவரொட்டி ஒட்டுதல் எல்லாம் அதில் அடங்கும். இறையியலாளர்கள் இறைவனின் நீதியைப் பற்றி வாதிடப் பயன்படுத்திய வேர், இன்று இரவில் இரைச்சல் எழுப்பியவருக்குத் தரும் அபராதச் சீட்டில் இருக்கிறது. இதைச் சொல்லின் வீழ்ச்சி என்று நான் எண்ணவில்லை. மக்கள் அன்றாடம் எடுத்தாளும் சொல்லாக அது நிலைபெற்றதற்கு இந்தச் சிறுமையே காரணமாக இருந்திருக்கிறது.

கேள்வி: அப்படியானால் 'அவலட்சணமான' என்பதற்குத் துருக்கியர் என்ன சொல்கிறார்கள்?

பதில்: 'சிர்கின்' என்கிறார்கள், முதலெழுத்தை 'பச்சை' என்பதில் வரும் சகரம் போல அழுத்தி ஒலிக்க வேண்டும். இது பாரசீகச் சொல். பாரசீகத்தில் 'சிர்க்' என்றால் அழுக்கு, சீழ். அங்கே அழுக்கானது என்று பொருள்பட்ட சொல் துருக்கியில் அழகற்றது என்றாகி, முகம், கட்டடம், நடத்தை எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது. கபீஹின் துருக்கி வடிவமான 'கபிஹ்' பழைய நூல்களோடு நின்றுவிட்டது.

கேள்வி: 'குற்றத்தைவிடச் சாக்கு பெரிது' என்று துருக்கியில் ஒரு மரபுத்தொடர் இருப்பதாகவும் அது அரபிலிருந்து வந்தது என்றும் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: இரண்டு மொழியிலும் அது உண்டு, அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. அரபுத் தொடர் 'உஸ்ருன் அக்பஹு மின் ஸன்ப்' என்பது, அதாவது பாவத்தைக் காட்டிலும் அவலட்சணமான சாக்கு. துருக்கித் தொடர் 'ஓஸ்ரூ கபாஹதிந்தென் புயுக்' என்பது, அதாவது அவனுடைய சாக்கு அவனுடைய கபாஹத்தைவிடப் பெரியது. பாரசீகத்திலும் பாவத்தைவிட மோசமான சாக்கு என்று ஒரு தொடர் வழங்குகிறது.

இதற்குச் சொல்லப்படும் கதையும் ஏறக்குறைய ஒன்றே. அரசர் தம் அவையிலுள்ள நகைச்சுவையாளரை அழைத்து, குற்றத்தைவிட மோசமான ஒரு சாக்கைச் சொல்லிக் காட்டும்படி கேட்கிறார். சில நாள் கழித்து அந்த மனிதர் அரசரைப் பின்னாலிருந்து கிள்ளிவிடுகிறார். அரசர் சினந்து திரும்ப, 'மன்னிக்க வேண்டும், அரசியார் என்று நினைத்துவிட்டேன்' என்கிறார். அரபியர் இதை ஹாரூன் அல் ரஷீதுக்கும் கவிஞர் அபூ நுவாஸுக்கும் இடையே நடந்ததாகச் சொல்வார்கள். துருக்கியர் ஒரு சுல்தானையும் அவருடைய விகடகவியையும் வைத்துச் சொல்வார்கள். இது நாட்டுக்கதை, இதில் வரலாறு தேட வேண்டியதில்லை.

நாம் பார்க்க வேண்டியது சொல்லின் இடமாற்றத்தை. அரபுத் தொடரில் க–ப–ஹ வேர் சாக்கை அளக்கும் அடைமொழியாக நிற்கிறது. குற்றத்துக்கு 'ஸன்ப்' என்ற வேறு சொல் இருக்கிறது. துருக்கித் தொடரில் அதே வேர் அடைமொழியை விட்டு இறங்கிக் குற்றத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அளக்கும் வேலையைப் 'பெரிய' என்ற துருக்கிச் சொல் ஏற்றுக்கொண்டது. அவலட்சணம் குற்றமாகிய மாற்றம் முழுவதையும் இந்த ஒரு தொடரிலேயே பார்த்துவிடலாம். துருக்கியில் இன்னொரு பழமொழியும் உண்டு. கபாஹத் விலையுயர்ந்த கரும்மென்மயிர்த் தோலாடையாகவே இருந்தாலும் எவரும் அதைத் தம் தோளில் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பது அது.

கேள்வி: துருக்கியர் 'ரெஸில் ஓல்தும்' என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அரபில் 'ரதீல்' என்றால் கீழ்மகன் அல்லவா? தம்மைத் தாமே அப்படிச் சொல்லிக்கொள்வார்களா?

பதில்: அரபில் அந்தச் சொல் கீழானவன், இழிந்தவன் என்று பொருள்படுவது உண்மை. குர்ஆனில் நூஹ் நபியைப் பின்பற்றிய எளிய மக்களை அவருடைய எதிரிகள் இகழ்ந்து குறிப்பிடும் சொல் இந்த வேரிலிருந்து வந்தது. அறிவு மங்கிப்போகும் தள்ளாத முதுமையையும் அதே வேர்ச்சொல்லால் குர்ஆன் குறிக்கிறது. துருக்கியிலோ 'ரெஸில் ஓல்தும்' என்பதற்குப் பலர் முன்னிலையில் மானம் போயிற்று என்று பொருள். மேடையில் பேச்சு மறந்துபோனவரும் இதைச் சொல்வார், கடன் கேட்டு மறுக்கப்பட்டவரும் சொல்வார். ஒருவருடைய குணத்தைக் குறித்த சொல் அவர் மாட்டிக்கொண்ட நிலையைக் குறிப்பதாயிற்று. 'ரெஸாலெத்' என்பதும் அவ்வாறே. இழிகுணம் என்ற பொருள் போய், ஊரறிந்த அவக்கேடு என்ற பொருள் வந்தது.

பழைய பொருள் துருக்கியில் இல்லாமலே போய்விட்டது என்று சொல்ல முடியாது. அது ஒழுக்கநூல்களில் வாழ்ந்தது. அரபில் நற்பண்பு 'ஃபளீலா', தீப்பண்பு 'ரதீலா'; துருக்கியில் இவை 'ஃபஸீலெத்', 'ரெஸீலெத்' ஆயின. கிரேக்க அறவியலை அரபில் வளர்த்தவர் 1030-இல் மறைந்த மிஸ்கவைஹி. அதைப் பாரசீகத்துக்குக் கொண்டுசென்றவர் 13-ஆம் நூற்றாண்டின் நஸீருத்தீன் தூஸி. துருக்கியில் விரிவாக எழுதியவர் 1560-களில் டமாஸ்கஸில் நீதிபதியாக இருந்த கினலிஸாதே அலி செலெபி. இந்த மரபில் நற்பண்பு என்பது நடுநிலை. அதன் இருபுறமும் மிகையும் குறையுமாக இரண்டு தீப்பண்புகள் நிற்கும். துணிவுக்கு ஒருபுறம் 'தெஹெவ்வுர்' என்ற கண்மூடித்தனம், மறுபுறம் கோழைத்தனம். அடக்கத்துக்கு ஒருபுறம் 'ஃபுஜூர்' என்ற கட்டற்ற இச்சை, மறுபுறம் உணர்ச்சி அவிந்துபோன நிலை. அறிவுக்கு ஒருபுறம் 'ஜெர்பெஸெ' என்ற குறுக்குப் புத்தி, மறுபுறம் மந்தத்தனம். இவற்றுள் ஜெர்பெஸெ என்ற சொல்லின் பயணம் எனக்கு மிகவும் பிடித்தது. நூல்களில் அது பிறரை ஏய்க்கும் அளவுமீறிய சூழ்ச்சித்திறன். இன்றைய துருக்கியில் ஒருவரை 'ஜெர்பெஸெலி' என்றால், துணிந்து பேசித் தம் பக்கம் இழுக்கவல்ல நாவன்மையாளர் என்ற பாராட்டே மேலோங்கி நிற்கிறது. நூலாசிரியர் தீமை என்று விலக்கிய ஒன்றைச் சந்தையும் அரசியலும் திறமை என்று ஏற்றுக்கொண்டுவிட்டன.

கேள்வி: 'ஃபாஹிஷா' என்பது அரபில் ஒழுக்கக்கேட்டைக் குறிப்பது. துருக்கிச் செய்தித்தாள்களில் விலைவாசியைப் பற்றி எழுதும்போது 'ஃபாஹிஷ்' என்று வருகிறதே?

பதில்: இங்கே துருக்கியர் பொருளை மாற்றவில்லை, அரபின் ஒரு பழம்பொருளை நன்றாகப் பாதுகாத்திருக்கிறார்கள். ஃப–ஹ–ஷ என்ற வேரின் அடிக்கருத்து எல்லை கடத்தல். பேச்சில் எல்லை கடந்தால் ஆபாசம்; பாலுறவில் கடந்தால் ஒழுக்கக்கேடு; விலையில் கடந்தால் கொள்ளை. இஸ்லாமியச் சட்ட நூல்கள் விற்பனையில் நேரும் பெரும் ஏமாற்றை 'கப்ன் ஃபாஹிஷ்' என்று அழைத்தன. 1869-க்கும் 1876-க்கும் இடையே அஹ்மத் ஜெவ்தெத் பாஷாவின் தலைமையில் உதுமானியர் தொகுத்த 'மெஜெல்லே' என்னும் உரிமையியல் சட்டம் அதன் 165-ஆம் பிரிவில் இதற்கு அளவே வகுத்தது. சரக்குகளில் மதிப்பின் இருபதில் ஒரு பங்கு, கால்நடையில் பத்தில் ஒரு பங்கு, நிலபுலன்களில் ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கு மேல் ஏமாற்றப்பட்டால் அது ஃபாஹிஷ். எல்லை கடந்ததா இல்லையா என்பதைப் பின்னக்கணக்கில் சொல்லிவிட்ட சட்டம் அது. ஒரு நெறிச்சொல்லுக்கு இவ்வளவு தெளிவான வரம்பு அமைவது அரிது.

1926-இல் மெஜெல்லே நீக்கப்பட்டது, ஆனால் சொல் போகவில்லை. 'ஃபாஹிஷ் ஃபியாத்' என்றால் அடாவடி விலை. 'ஃபாஹிஷ் ஹதா' என்றால் பெரும்பிழை. 2020-இல் சில்லறை வணிகச் சட்டத்தில் சேர்த்த திருத்தத்திலும் 'ஃபாஹிஷ்' விலையேற்றம் என்றே எழுதினார்கள். அரபிலும் இன்று அளவுகடந்த செல்வத்தை இந்த அடைமொழியால் சொல்வதுண்டு. ஆனால் துருக்கியில் அதே வேரின் 'ஃபஹிஷெ' பாலியல் தொழிலில் இருக்கும் பெண்ணுக்கும் 'ஃபுஹுஷ்' அத்தொழிலுக்கும் பெயராகிவிட்டன. விலையைக் குறித்த சொல்லையும் பெண்ணைக் குறித்த சொல்லையும் ஒரே குடும்பமாகத் துருக்கியர் பேச்சில் உணர்வதில்லை. ஆணுக்கு இணையான சொல் இல்லாமல் பெண்ணை மட்டும் சுட்டும் வசைச்சொல்லாக ஃபஹிஷெ நின்றுவிட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ஒரே மாதிரியான அரபுச் சொற்கள் துருக்கியில் சில 'எத்' என்றும் சில 'எ' என்றும் முடிவது ஏன்? மற்ற ஒலிகளும் மாறியிருக்கின்றனவே?

பதில்: அரபில் பெண்பால் விகுதி தனித்து நிற்கும்போது 'ஆ' என்றும், தொடர்ந்து படிக்கும்போது 'அத்' என்றும் ஒலிக்கும். பாரசீகர் சில சொற்களை ஒரு வடிவத்திலும் சிலவற்றை மற்ற வடிவத்திலும் எடுத்துக்கொண்டார்கள். துருக்கியர் பெரும்பாலும் அவர்கள் வழியாகவே பெற்றார்கள். ஆகவே கபாஹத், ரெஸாலெத் ஒருபுறமும் ஃபஹிஷெ மறுபுறமுமாகப் பிரிந்தன. அரபின் நாவிடைப் பல்லொலிகளும் தடித்த தகர ஒலிகளும் பாரசீகத்திலேயே 'எஸ்', 'இசட்' ஒலிகளாகக் கரைந்துவிட்டன. ரதீல் ரெஸில் ஆனதும், ஃபளீலா ஃபஸீலெத் ஆனதும், கொடியவன் என்று பொருள்படும் கபீத் 'ஹபிஸ்' ஆனதும் அப்படித்தான். மருத்துவத்தில் புற்றுக்கட்டியை அரபியரும் துருக்கியரும் இந்த ஒரே அடைமொழியால் குறிக்கிறார்கள். சொல்லின் ஈற்றில் இரண்டு மெய்கள் சேர்ந்து நின்றால் துருக்கி இடையில் ஓர் உயிரைச் செருகும்: குப்ஹ் 'குபுஹ்', ஸுல்ம் 'ஸுலும்'. ஈற்று வல்லொலிகள் அதிர்வை இழக்கும்: ஃபஸாத் என்பதன் மெல்லிய தகரம் 'ஃபெஸாத்' என்பதில் அழுத்தமாகிவிடுகிறது.

கேள்வி: 'அயிப்' என்ற சொல் துருக்கியில் வெட்கக்கேடு என்று பொருள்படுகிறது. ஆனால் நுகர்வோர் சட்டத்திலும் அது வருவதாகக் கேள்விப்பட்டேன்.

பதில்: அரபின் 'அய்ப்' முதலில் குறைபாடு, பொருளில் உள்ள பழுது. வாங்கிய பொருளில் மறைந்திருந்த பழுது தெரியவந்தால் விற்பனையை முறித்துக்கொள்ளும் உரிமை இஸ்லாமியச் சட்டத்தில் விரிவாகப் பேசப்பட்ட ஒன்று. மெஜெல்லேயும் அதை ஏற்றது. 2013-இல் இயற்றப்பட்ட துருக்கியின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இன்றும் பழுதுள்ள பொருளை 'அயிப்லி மால்' என்கிறது. பேச்சில் அந்தப் பழுது பொருளிலிருந்து மனித நடத்தைக்கு வந்துவிட்டது. ஒருவர் முறைதவறி நடந்தால் 'சோக் அயிப்' என்பார்கள். தம்மைப் பற்றிப் பெருமையாக எதையாவது சொல்லப்போகும்போது 'அயிப்திர் ஸொய்லெமெஸி', அதாவது சொல்வது முறையல்ல என்று முன்கூட்டியே வணங்கிக்கொள்வார்கள். தெரியாமலிருப்பது அயிப் அல்ல, கற்றுக்கொள்ளாமலிருப்பதே அயிப் என்ற பழமொழி துருக்கியில் எல்லோரும் அறிந்தது. கபாஹத் சட்டத்துக்கு அஞ்சுவது என்றால், அயிப் அண்டை அயலாருக்கு அஞ்சுவது. இதைவிட உயிர்ப்புள்ள அரபுக் கடன்சொல் துருக்கியில் அதிகம் இல்லை.

கேள்வி: குடியரசு காலத்து மொழிச் சீர்திருத்தம் அரபுச் சொற்களை விலக்கியது. இந்தத் தீமைச் சொற்கள் மட்டும் எப்படித் தப்பின?

பதில்: எல்லாம் தப்பவில்லை. 1928-இல் எழுத்து மாறியது. 1932-இல் மொழிக் கழகம் தொடங்கப்பட்டது. அதன்பின் நூல்வழக்கில் மட்டும் இருந்த சொற்கள் விரைவாக உதிர்ந்தன. அருவருக்கத்தக்கது என்று பொருள்படும் 'ஷெனீ', இழிந்தது என்று பொருள்படும் 'தெனீ' இரண்டும் இன்று பழைய நூல்களைப் படிப்பவருக்கே தெரியும். முன்னதைக் கொண்டு அமைந்த 'ஃபியில்–இ ஷெனீ' என்ற தொடர் உதுமானியச் சட்டத்தில் பாலியல் குற்றத்தின் பெயராக இருந்தது. நற்பண்பைக் குறித்த ஃபஸீலெத்துக்குப் பழந்துருக்கியின் 'எர்தெம்' மீட்டெடுக்கப்பட்டு நிலைபெற்றது. ஆனால் தெருவில் பேசப்பட்ட ரெஸில், அயிப், கபாஹத் ஆகியவற்றுக்கு மாற்றுச் சொல் தேடும் முயற்சி பலிக்கவில்லை. துருக்கியின் சொந்தத் தீமைச் சொற்களில் சில முன்பே வேறு பக்கம் சாய்ந்திருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 'யாவுஸ்' என்றால் பழந்துருக்கியில் தீய என்று பொருள். அது கடுமையான, அஞ்சத்தக்க என்று மாறி, 1512 முதல் 1520 வரை ஆண்ட முதலாம் ஸெலீமுக்குப் பட்டப்பெயராகவே அமைந்தது. 'யமான்' என்ற சொல்லும் தீய என்ற நிலையிலிருந்து கெட்டிக்கார என்ற நிலைக்கு ஏறிவிட்டது.

ஒரே சட்டத்தில்கூடச் சீரான போக்கு இல்லை. 'சூஉ' என்ற அரபுச் சொல்லைப் பாரசீக முறையில் இணைத்து உண்டான 'சூயிஸ்திமால்' தவறான பயன்பாட்டைக் குறித்தது. 2004-இல் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தும் குற்றத்துக்கு, 257-ஆம் பிரிவில், துருக்கிச் சொற்களாலேயே பெயரிட்டுவிட்டது. அதே சட்டத்தின் 235-ஆம் பிரிவு ஒப்பந்தப்புள்ளி முறைகேட்டை 'ஃபெஸாத்' கலத்தல் என்று அரபுச் சொல்லாலும், 226-ஆம் பிரிவு ஆபாசத்தை 'முஸ்தெஹ்ஜென்லிக்' என்று அரபு அடிச்சொல்லாலும் குறிக்கின்றன. சூஉ என்பதையே முதலாகக் கொண்ட 'சூயிகஸ்த்' அரசியல் படுகொலையின் பெயராக இன்றும் செய்தித்தாள்களில் அன்றாடம் வருகிறது. சொல்லளவில் அது 'தீய நோக்கம்' மட்டுமே. அரபியர் படுகொலைக்கு 'இக்தியால்' என்ற வேறு சொல்லை ஆள்வதால், இந்தக் கூட்டுச்சொல்லை அரபு மட்டும் தெரிந்தவர் பார்த்தால் கொலையை ஊகிக்க மாட்டார்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். துருக்கி அரபிலிருந்து தீமைச் சொற்களை மட்டும் பெறவில்லை. நற்சொற்களைப் பெற்று, இன்மையைக் குறிக்கும் 'ஸிஸ்' விகுதியைச் சேர்த்துத் தானே தீமைச் சொற்களைப் படைத்துக்கொண்டது. ஒழுக்கத்தைக் குறிக்கும் அஹ்லாக்கிலிருந்து 'அஹ்லாக்ஸிஸ்', பண்பைக் குறிக்கும் எதெபிலிருந்து 'எதெப்ஸிஸ்', மனச்சான்றைக் குறிக்கும் விஜ்தானிலிருந்து 'விஜ்தான்ஸிஸ்' என்று இந்த வரிசை நீளும். இவை அரபில் பிறந்த சொற்கள் அல்ல. 'ஆர்' என்பது அரபில் இழுக்கு. துருக்கியில் அது இழுக்குக்கு அஞ்சும் நாணம். நாணமற்றவர் 'அர்ஸிஸ்'. நட்ட இடத்தை விட்டுத் தோட்டமெங்கும் பரவி, பிடுங்கினாலும் முளைக்கும் செடியையும் துருக்கித் தோட்டக்காரர்கள் அர்ஸிஸ் என்றுதான் சொல்கிறார்கள்.